பட்டனைத் தட்டினால் வந்துவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஆபீஸ் வேலையைச் சுருக்க யாரோ ஒருவர் ஸ்கிரிப்ட் (வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்) எழுதி வைத்துவிடுகிறார், அவர் போன பிறகு மற்றவர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பயோமெட்ரிக் மெஷினில் இருந்து பஞ்சிங் விவரத்தை எடுத்து, ஷிப்ட், ஓவர்டைம் எல்லாம் கணக்குப் போட்டு, பிஎஃப் போர்ட்டலில் ஏற்றும் ஈசிஆர் ஃபைல் (மாதாந்திர பிஎஃப் கணக்கு) வரைக்கும் தயார் பண்ணுகிற ஸ்கிரிப்ட் ஒன்றை பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போகிறேன். அக்கவுண்ட்ஸில் இருக்கும் இரண்டு அக்காக்களும் எக்ஸெலில் கில்லாடிகள், ஆனால் பைத்தான் என்றாலே பயப்படுகிறார்கள். அவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?
– திருப்பூர் வாசகர்

பதில்: பைத்தான் கற்றுக்கொடுக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் நடக்காது, அவர்களுக்குத் தேவையும் இல்லை. அந்த அக்காக்களிடம் உங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. சம்பள ரெஜிஸ்டரைப் பார்த்த மாத்திரத்தில் "செக்கிங் செக்‌ஷனுக்கு இவ்வளவு கம்மியா வராதே" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணில் படுகிற மாதிரி எண்களை எடுத்து வைக்க ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொடுங்கள், அதுதான் உங்களுடைய இந்த ஒரு மாத வேலை.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட் கடைசியில் என்ன சொல்கிறது? பெரும்பாலும் கறுப்பு ஜன்னலில் 'முடிந்தது' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதானே. அதற்குப் பதிலாக ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் வரட்டும். மெஷின் ஃபைலில் எத்தனை வரி படித்தது, எத்தனை பேர், எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டது, யாரை விட்டது, ஏன் விட்டது (பெயரோடு), மொத்தச் சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ, பக்கத்திலேயே போன மாதத்தின் அதே எண்கள். இதைப் பிரிண்ட் எடுத்துப் பேனாவால் டிக் அடித்து, டேலி ஆனால்தான் போர்ட்டலில் ஏற்றுவது என்று வைத்துவிடுங்கள். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புதுப் பழக்கமே கிடையாது, காலம் காலமாகச் செய்வதுதான்.

வரிகளை எண்ணுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 பேருடைய கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்கில் வராமலே போயின. ஆய்வகங்களில் இருந்து வந்த பட்டியலைத் தானாகச் சேர்க்கும் ஏற்பாடு எக்ஸெலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தது, அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் இடம். அதற்கு மேல் வந்தவை சத்தமே இல்லாமல் விழுந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமானது. உள்ளே இத்தனை வரி, வெளியே இத்தனை வரி என்று யார் கண்ணிலாவது பட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது, கோடுக்குள் (நிரலுக்குள்) ஒளிந்திருக்கும் விதிகள். இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் யாரும் செய்வதில்லை. உங்கள் ஸ்கிரிப்டை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். வாட்ச்மேன்களுக்கு 12 மணி நேர ஷிப்ட், நைட் ஷிப்ட் ஆளின் அவுட் பஞ்ச் அடுத்த நாள் தேதியில் விழும், ஒரு கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு ஓவர்டைம் கிடையாது, பத்து நிமிஷ லேட்டை மன்னித்துவிடு, சாம்பிள் செக்‌ஷனில் இந்த மூன்று டோக்கன் நம்பருக்கு மட்டும் கேன்டீன் பிடித்தம் வேண்டாம்... இப்படி வரிசையாகக் கிடைக்கும். இதையெல்லாம் எப்போதோ எச்ஆர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார், நீங்கள் ஒரு 'இஃப்' போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். நீங்கள் போன பிறகு அந்த விதி எங்கேயும் எழுதப்படாமல் கோடுக்குள் மட்டும் கிடக்கும், நாளைக்கு ஒரு தொழிலாளி வந்து "எனக்கு ஏன் இவ்வளவு குறைந்தது" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு வரியாக எழுதி, யார் சொன்னது என்றும் குறித்து, எச்ஆரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்துக் கேட்கும்போதுதான் பாதி விதிகளை அவர் "அதையெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே" என்பார், பாருங்கள்.

சதவீதம், உச்சவரம்பு எதையும் கோடுக்குள் வைக்காமல் எக்ஸெலில் 'அமைப்பு' என்று தனி ஷீட் போட்டு, தேதியோடு அதில் வையுங்கள். ஈஎஸ்ஐயில் தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்தில் இருந்து 0.75 ஆகவும் முதலாளி பங்கு 4.75-ல் இருந்து 3.25 ஆகவும் 2019 ஜூலை 1 முதல் குறைந்தது. பிஎஃப் சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் 6,500-ல் இருந்து 15,000 ஆனது. இந்த மாதிரி மாற்றம் வரும் நாளில் அந்த அக்காவே ஷீட்டைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் வேலை முடிய வேண்டும்.

ஸ்கிரிப்ட் ஊகம் பண்ணவே கூடாது. தலைப்பு மாறியிருக்கிறதா, ஒரு நெடுவரிசை குறைகிறதா, நின்றுவிடட்டும். அப்படி நிற்கும்போது ஆங்கிலத்தில் இருபது வரி சிவப்பாகக் கொட்டாமல் "அட்டெண்டன்ஸ் ஃபைல் எக்ஸெலில் திறந்திருக்கிறது, மூடிவிட்டு மறுபடி ஓட்டவும்" என்று தமிழில் ஒரே வரி வரட்டும். விண்டோஸில் பாதி நாள் வரும் சிக்கல் இந்தத் திறந்துகிடக்கும் ஃபைல்தான். ஸ்கிரிப்டை ஓட்ட டபுள் கிளிக் பண்ணும் பேட்ச் ஃபைலின் கடைசியில் 'பாஸ்' (pause) கட்டளை போட மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் ஜன்னல் மின்னி மறைந்துவிடும், என்ன சொன்னது என்று படிக்கவே முடியாது. அப்புறம், தவறுதலாக இரண்டு முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வர வேண்டும், ஓவர்டைம் இரண்டு முறை கூடிவிடக் கூடாது. மெஷினில் இருந்து வந்த மூல ஃபைலை ஸ்கிரிப்ட் தொடவே கூடாது.

உங்கள் பெயரில் எதெல்லாம் ஓடுகிறது என்றும் தேடுங்கள். ஃபைல் இருக்கும் பாதையில் உங்கள் லாகின் பெயர் இருக்கும், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் உங்கள் கணக்கு இருக்கும், பேஸ்லிப் அனுப்புவது உங்கள் சொந்த ஜிமெயிலாகக் கூட இருக்கும். நீங்கள் போன மறுநாள் உங்கள் லாகினை மூடுவார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும்.

கடைசி இரண்டு வாரம் நீங்கள் கீபோர்டைத் தொடவே வேண்டாம். அவர்கள் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எங்கே தயங்குகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தயங்கும் இடத்தில் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள், ஆளைத் திருத்தப் பார்க்காதீர்கள். வேண்டுமென்றே கெடுத்த ஃபைல் ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள், அது நிற்கிறதா, அவர்களுக்குப் புரிகிறதா என்று தெரியும். பிஎஃப் கட்டக் கடைசித் தேதி 15. 14-ம் தேதி சாயங்காலம் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் கையால் எப்படி முடிப்பது என்று ஒரு பக்கம் எழுதி, பேப்பரில், டிராயரில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சார், நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். ஆர்டிகிள்ஸ் (சிஏ பயிற்சி) பண்ண வந்த தம்பி ஒருவர், ஜிஎஸ்டிஆர்-2பியையும் (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்) கிளையண்டின் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிவப்பு எழுத்து எதுவும் வருவதில்லை, ஓடி முடிகிறது. ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு சில பில்கள் தப்பான பில்லோடு ஜோடி சேர்கின்றன, சில சேர்வதே இல்லை. திட்டு வாங்குவது நான்தான்.
– மதுரை வாசகி

பதில்: திட்ட வேண்டியது உங்களை இல்லை என்று உங்கள் ஆடிட்டரிடம் இந்தப் பக்கத்தையே காட்டலாம். சிவப்பு எழுத்தோடு நிற்கும் ஸ்கிரிப்டைவிட, சிரித்த முகத்தோடு தப்பான விடை தருகிற ஸ்கிரிப்ட்தான் ஆபத்து.

ஏப்ரல் என்று நீங்களே துப்புக் கொடுத்துவிட்டீர்கள். பில் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்பதுதான் விதி, அடுத்த ஆண்டு மறுபடி 1-ல் இருந்து தொடங்க யாருக்கும் தடையில்லை. அந்தத் தம்பி ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் மட்டும் வைத்து ஜோடி சேர்த்திருந்தால், ஏற்கெனவே ஜோடி கிடைக்காமல் நிற்கும் போன வருஷத்து 27-ம் நம்பர் பில்லும் இந்த வருஷத்து 27-ம் ஒன்றாகிவிடும். தப்பாகச் சேர்ந்தவற்றில் மூன்றை எடுத்து இரண்டு பக்கத் தேதியையும் பாருங்கள். வருஷம் மாறியிருந்தால் காரணம் அதுதான். நிதியாண்டையும் சேர்த்து ஒப்பிடும்படி திருத்த, பைத்தான் தெரிந்தவருக்கு அதிக நேரம் ஆகாது, நீங்கள் அந்த மூன்று உதாரணங்களையும் கையில் கொண்டுபோனால்.

சேராமலே போகிறவற்றுக்கு எக்ஸெல்மீது எனக்குச் சந்தேகம். கிளையண்ட் அனுப்பும் சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் பண்ணித் திறந்து, சேவ் பண்ணி, அப்புறம் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கிறீர்களா? '3-4' என்ற பில் நம்பரை எக்ஸெல் தேதி என்று எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரின் தேதி அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகும், இல்லையென்றால் மார்ச் 4. முன்னால் இருக்கும் சைபர்கள் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேலே உள்ளதெல்லாம் சைபராகிவிடும். (மேலே உள்ள திருப்பூர் நண்பருக்கும் இது உதவும். 12 இலக்க யுஏஎன் (ஊழியரின் பிஎஃப்) எண்ணை இப்படித் திறந்து சிஎஸ்வியாகவே சேவ் பண்ணினால், சுருக்கிக் காட்டிய வடிவமே ஃபைலில் பதிவாகி, கடைசி இலக்கங்கள் போயே போய்விடும்.) விஞ்ஞானிகளே இதில் தோற்றுப்போனார்கள் தெரியுமா? மார்ச்1, செப்ட்1 என்று மனித மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளோடு வரும் எக்ஸெல் ஃபைல்களில் அவை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாகிக்கொண்டே இருந்ததால், 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! அதற்கு அப்புறம், 2023-ல்தான் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானாக மாற்றும் வேலையை நிறுத்தி வைக்க ஒரு வசதி கொடுத்தது. புது எக்ஸெல் என்றால் ஆப்ஷன்ஸில் டேட்டா என்ற பகுதியில் இருக்கும். பழையது என்றால் மேலே உள்ள டேட்டா டேப்பில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாக உள்ளே கொண்டுவந்து, பில் நம்பர் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். ஸ்கிரிப்டுக்கு எப்போதும் திறக்காத மூல ஃபைலையே கொடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு காவல் போட்டுக்கொள்ளுங்கள். 2பியில் உள்ள பில்களில் ஸ்கிரிப்ட் சொல்லும் சேர்ந்தது, சேராதது இரண்டின் வரித் தொகையையும் கூட்டி, போர்ட்டலில் 2பி சுருக்கத்தில் உள்ள மொத்த ஐடிசியோடு (கழித்துக்கொள்ளக் கூடிய உள்ளீட்டு வரி) ஒப்பிடுங்கள். 14-ம் தேதி 2பி வந்தவுடன் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டால் 20-ம் தேதி ரிட்டர்ன் நெருக்கத்தில் மாட்ட மாட்டீர்கள். இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரண்டுக்குள் வந்தன, 40 என்று புதிதாக ஒன்றும் வந்தது. ஸ்கிரிப்டுக்குள் பழைய விகிதப் பட்டியல் எங்காவது உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: பைத்தான் ஸ்கிரிப்டை ஆபீஸ் ஆட்களுக்காக பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை வைத்து, பைத்தான் இல்லாமலே ஓடும் இஎக்ஸ்இ ஃபைலாக ஆக்கிக் கொடுத்தேன். ஆன்டிவைரஸ் அழித்துவிடுகிறது. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லலாமா?
– கோவை வாசகர்

பதில்: கூடவே கூடாது. இன்றைக்கு உங்களுக்காக அணைத்தவர், நாளைக்கு மெயிலில் வரும் 'இன்வாய்ஸ்' இஎக்ஸ்இக்காகவும் அணைப்பார். ஒற்றை ஃபைலாகக் கட்டிய இஎக்ஸ்இ ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப்போட்டு ஓடும். வைரஸ்களும் இப்படிச் செய்வதால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுகிறது, டிஜிட்டல் கையெழுத்தும் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். ஃபோல்டர் வடிவத்தில் கட்டிப் பாருங்கள், தொல்லை குறையும். ஐடி ஆள் இருந்தால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு வாங்கலாம். மூல நிரலையும் எந்தெந்த நூலகம் (பைத்தானோடு சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) எந்த வெர்ஷன் என்ற பட்டியலையும் இஎக்ஸ்இயோடு சேர்த்து ஒப்படையுங்கள். பாண்டாஸ் என்ற நூலகத்தில் பட்டியலில் வரிகளைச் சேர்க்க வருஷக்கணக்காக எல்லோரும் பயன்படுத்திய 'அப்பெண்ட்' கட்டளை 2023-ல் வந்த 2.0 வெர்ஷனில் தூக்கப்பட்டது. வெர்ஷன் தெரியாமல் புது கம்ப்யூட்டரில் நிறுவுகிறவர் அங்கே போய் முட்டிக்கொள்வார்.

கேள்வி: சிறிய ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். என் மகன் எழுதிய ஸ்கிரிப்டில்தான் ஆர்டர் கணக்கு ஓடுகிறது. அவன் படிக்க வெளியூர் போகிறான். "ஏதாவது ஆனால் ஆபீஸில் டைப் அடிக்கும் பொண்ணு சாட்ஜிபிடியிடம் கேட்டுச் சரிபண்ணிவிடுவாள்" என்கிறான். நம்பலாமா?
– கரூர் வாசகர்

பதில்: நம்பலாம், ஆனால் அந்தப் பெண் மேல் சுமத்திவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. உங்கள் மகன் கிளம்புமுன், ஒரு மாதத்து உள்ளீட்டு ஃபைலையும் அதற்கு வந்த சரியான விடையையும் 'மாதிரி' என்று தனியாகப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டில் யார் எதை மாற்றினாலும், மாற்றியதை முதலில் அந்த ஃபைலில் ஓட்ட வேண்டும், பைசா பிசகாமல் அதே விடை வர வேண்டும். மாற்றுவதும் நகலில்தான், பழையது அப்படியே இருக்கட்டும். ஏஐ தரும் கோடு பார்க்க அழகாக இருக்கும், ஓடவும் செய்யும், ஆனால் கேட்காத இடத்திலும் கை வைத்திருக்கும். இந்தச் சோதனை இல்லாவிட்டால் அது யார் கண்ணிலும் படாது.

வாடிக்கையாளர் விலைப்பட்டியல், பேங்க் கணக்கு எண், ஆதார் இவற்றைச் சாட்ஜிபிடியில் ஒட்டவே கூடாது. பொய்ப் பெயர்களோடு பத்து வரி ஃபைல் ஒன்று செய்து வைத்துக்கொண்டு அதைக் காட்டிக் கேட்டால் போதும். இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். நீங்கள் சொல்லும் வேலைக்குப் பெயர் டைப் அடிப்பது இல்லை.

கேள்வி: ஸ்கிரிப்ட் தரும் சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோணல் எழுத்தாக வருகின்றன. நோட்பேடில் சரியாக இருக்கிறது.
– நாகர்கோவில் வாசகி

பதில்: ஃபைல் யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் பதிவு செய்யும் முறை) என்று எக்ஸெலுக்குத் தெரியவில்லை. எழுதும்போது என்கோடிங்கை 'யுடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்று கொடுக்கச் சொல்லுங்கள், ஃபைலின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேரும், எக்ஸெல் புரிந்துகொள்ளும். பழைய ஊழியர் பட்டியல் பாமினி, வானவில் மாதிரி பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் இந்த வைத்தியம் செல்லாது, அதை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு யாராவது ஒருவர் பெயர் பெயராகப் படித்துப் பார்க்கவும் வேண்டும்.

கேள்வி: இவ்வளவு தலைவலி எதற்கு, எக்ஸெலுக்குள்ளேயே ஓடும் மேக்ரோவில் எழுதிக் கொடுத்துவிட்டால் போகிறது?
– திருச்சி வாசகர்

பதில்: போகாது. மேக்ரோவும் கோடுதான், எழுதியவர் போனால் இதே கதைதான். பத்து ஃபைலை ஒன்றாகச் சேர்ப்பது, வேண்டாத நெடுவரிசையை நீக்குவது, செக்‌ஷன் வாரியாகக் கூட்டுவது, இவ்வளவுதான் வேலை என்றால் பவர் குவெரியில் செய்து கொடுங்கள், எக்ஸெல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு படியும் வலது பக்கத்தில் வரிசையாகத் தெரியும், கிளிக் பண்ணினால் அந்தப் படியில் டேட்டா எப்படி இருந்தது என்று காட்டும், அக்கவுண்ட்ஸ்காரர்களே பின்தொடரலாம். நடுராத்திரியைத் தாண்டும் ஷிப்ட் கணக்கெல்லாம் அதில் போட்டால் உங்களுக்கே பிறகு புரியாது, அதற்கு பைத்தானே தேவலை. மேக்ரோதான் என்று முடிவு பண்ணிவிட்டால், 2022 முதல் இணையத்தில் இருந்தோ மெயிலில் இருந்தோ வரும் ஃபைலின் மேக்ரோவை ஆபீஸ் மென்பொருள் தடுத்துவிடுகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருந்து வந்ததுதான் என்று உறுதியான ஃபைலுக்கு மட்டும் ப்ராபர்ட்டீஸில் போய் 'அன்பிளாக்' டிக் அடிக்கச் சொல்லுங்கள், அதையும் திறக்கும் முன்னாலேயே.